மறு: ‘பாஸ்த்ரூ’வுக்கு ஒரு சொல் (மெய்நிகர் கணினிக்கு வன்பொருள் தரும் வகைகள்)

நண்பர்களுக்கு வணக்கம். நம் மெய்நிகர் கணினி அத்தியாயத்தின் கலைச்சொல் அட்டவணை பற்றிய மடல் இது. பாஸ்த்ரூ என்பது ஓர் அட்டையை முழுதாக ஒரு மெய்நிகர் கணினியிடம் விடுவது. அதற்கும் அதன் உறவு முறைகளுக்கும் (ஒவ்வொன்றையும் கீழே விளக்குகிறேன்) இந்த இழையில் வந்த இரண்டு கருத்துகள் இவை:

> பாஸ்த்ரூ = ஊடுசெலுத்தல்.
> எஸ்ஆர்-ஐஓவி, எம்டெவ், விர்ட்ஐஓ எல்லாமே ஒரு வன்பொருளைப் பலர் பயன்படுத்தும் ஏற்பாடுதானே. ‘வன்பொருள் பகிர்வு’ என்ற ஒரே சொல் போதாதா?

இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊடுசெலுத்தல் என்றதும் படிப்பவர் என்ன நினைப்பார்? விருந்தினர் (மெய்நிகர் கணினி) அனுப்பும் தரவு புரவலரின் (அதைத் தாங்கும் உண்மைக் கணினியின்) கருனிக்குள், அதாவது இயக்குதளத்தின் மையத்துக்குள், நுழைந்து, ஊடே போய், மறுபக்கம் அட்டை வழியாக வெளியேறுகிறது என்றுதான். நடப்பது வேறு. புரவலரின் கருனி முதலில் தன் சொந்த இயக்கியை அட்டையிலிருந்து கழற்றிவிடுகிறது. பிணைய அட்டை என்றால் இ1000இ, வரைகலை அட்டை என்றால் நூவோ, ஏஎம்டிஜிபியு மாதிரி ஏதோ ஒன்று. காலியான இடத்தில் விஎஃப்ஐஓ-பிசிஐ வந்து உட்காருகிறது. இது ஒரு விசித்திரமான இயக்கி. அட்டையை இயக்கவே இயக்காது. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதன் அமைவுப் பகுதி, பதிவகங்கள் (அட்டைக்குக் கட்டளை எழுதும் இடங்கள்) தெரியும் முகவரிப் பரப்பு, குறுக்கீடுகள் (அட்டை கணினியைக் கூப்பிடும் சைகைகள்) ஆகியவற்றை, மெய்நிகர் கணினியை ஓட்டும் கியூஎமு போன்ற பயனர்வெளி நிரலிடம் நீட்டும், அவ்வளவுதான். கியூஎமு அந்தப் பரப்பை விருந்தினரின் முகவரிவெளியில் பொருத்திவிட்டால், உள்ளே ஓடும் விண்டோஸோ லினக்ஸோ தன் வழக்கமான இயக்கியைக் கொண்டு அட்டையின் பதிவகங்களில் நேராக எழுதும். அட்டை தானாக நினைவகத்தைத் தொடும்போது முகவரியை மாற்றித் தருவதும் எல்லை மீறாமல் தடுப்பதும் ஐஓஎம்எம்யு என்ற தனி வன்பொருளின் வேலை. இன்டெல்லில் அது விடி-டி, ஏஎம்டியில் ஏஎம்டி-விஐ. குறுக்கீடுகள் மட்டும் பல கணினிகளில் இன்னும் புரவலரைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன. மற்றபடி ‘ஊடே’ என்று சொல்ல அங்கே பெரிதாக எதுவும் இல்லை.

ஆகவே என் பரிந்துரை ஒப்படைப்பு. கேவிஎம்காரர்களும் (லினக்ஸ் கருனியின் மெய்நிகராக்கப் பகுதியை எழுதுபவர்கள்) தொடக்கத்தில் இதை ‘டிவைஸ் அசைன்மென்ட்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2012-இல் லினக்ஸ் 3.6-உடன் விஎஃப்ஐஓ வந்து பழைய முறையை ஓரங்கட்டிய பிறகும், பேச்சில் பாஸ்த்ரூ நிலைத்துவிட்டது. ஒப்படைப்பு என்றால் பின்விளைவுகளும் சொல்லிலேயே தெரியும். திரும்பி வரும்வரை கொடுத்தவரால் அதைத் தொட முடியாது. ஒரே ஒரு வரைகலை அட்டை உள்ள கணினியில் இதைச் செய்தால் புரவலரின் திரை இருண்டுவிடும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பல நேரம் ஓர் அட்டையைத் தனியாகவும் ஒப்படைக்க முடியாது. ஐஓஎம்எம்யு குழு என்று ஒன்று உண்டு. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காவல் காக்க முடியாத சாதனங்களைக் கருனி ஒரே குழுவாகக் கட்டி வைத்திருக்கும். வரைகலை அட்டையோடு அதிலிருக்கும் ஹெச்டிஎம்ஐ ஒலிப் பகுதியும் சேர்ந்தே போவது இதனால்தான். விருந்தினரின் நினைவகம் முழுவதையும் இடம் பெயராமல் ஆணியடித்து வைக்க வேண்டியிருப்பதும், ஓடிக்கொண்டிருக்கும் விருந்தினரை வேறு கணினிக்கு நகர்த்துவது கடினமாவதும் இதன் தொடர்ச்சிதான். (நம் பழைய புரவலர்கள் கொடுத்த யானையைத் திருப்பிக் கேட்டதில்லை. இந்தப் புரவலர், விருந்தினரை அணைத்ததும் அட்டையை வாங்கி மீண்டும் தன் இயக்கியை மாட்டிக்கொள்வார்.)

பகிர்வுக்கு வருகிறேன். புரவலரின் கருனியில் உள்ள இயக்கி எவ்வளவு பிடியைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது என்பதில்தான் இந்த வகைகள் வேறுபடுகின்றன. பகிர்வு என்ற ஒற்றைச் சொல் மறைப்பது அதைத்தான்.

விர்ட்ஐஓவில் முழுப் பிடியும் புரவலரிடம். விருந்தினர் பார்ப்பது கற்பனையான ஓர் அட்டை. அதற்கென்றே எழுதிய இயக்கி, இருவருக்கும் பொதுவான நினைவகத்தில் ஒரு வரிசையில் வேலைகளைப் போட்டு வைக்கும்; புரவலர் எடுத்துச் செய்வார். லினக்ஸ் நிரலர் ரஸ்டி ரஸ்ஸல் எழுதியது, 2008 முதல் கருனியில் இருக்கிறது. இதை விர்ட்ஐஓ என்றே விட்டுவிடலாம். அது ஒரு தரத்தின் பெயர், சொல்லாக்கம் தேவையில்லை.

எஸ்ஆர்-ஐஓவியில் பிரித்துக் கொடுப்பது வன்பொருளே. பிசிஐ தரக்குழு 2007-இல் வெளியிட்ட ஏற்பாடு. ஓர் அட்டை, பல சிறிய அட்டைகளாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் தனி பிசிஐ முகவரி, தனி வரிசைகள். இன்டெல் 82576 அட்டையில் லினக்ஸின் கீழ் ஒரு துறைக்கு (போர்ட்) ஏழு வரை கிடைக்கும், 82599-இல் 63. அந்தச் சிறு துண்டு ஒவ்வொன்றையும் ஒரு விருந்தினரிடம் ஒப்படைக்கலாம். ஆனால் இணைப்பு வேகம், மேக் முகவரி, விலேன் போன்றவற்றில் கடைசிச் சொல் முழு அட்டையை வைத்திருக்கும் புரவலரின் இயக்கிக்குத்தான். முழுப் பகுதிக்குத் தாய்க்கூறு, துண்டுகளுக்குச் சேய்க்கூறு என்று வைத்தால் என்ன? தாய்ப்பலகை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. தாயின் இயக்கியை இறக்கினால் சேய்களும் படுத்துவிடும் என்பதும் பொருந்துகிறது. இப்போது அட்டவணையில் துண்டுகளுக்கு இருக்கும் ‘மெய்நிகர் செயற்பாடு’ (விர்ச்சுவல் ஃபங்ஷன்) என்னும் சொல், ஏதோ மென்பொருளால் செய்த போலி என்ற எண்ணத்தைத் தருகிறது. அது நிஜமான வன்பொருள்.

மிச்சம் எம்டெவ் (‘மீடியேட்டட் டிவைஸ்’). 2017-இல் லினக்ஸ் 4.10-உடன் வந்தது. வன்பொருள் தன்னைப் பிரித்துக்கொள்ளத் தெரியாதபோது, கருனி இயக்கியே அளந்து கொடுக்கிறது. இன்டெல்லின் பழைய ஒருங்கிணைந்த வரைகலைக்கான ஜிவிடி-ஜி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அடிக்கடி தொட வேண்டிய நினைவகத்தை விருந்தினர் நேராகத் தொடலாம். கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் கை வைத்தால் இயக்கி இடைமறித்துப் பார்த்துத்தான் அனுப்பும். என்னென்ன அளவில் கிடைக்கும், ஒவ்வொன்றிலும் இன்னும் எத்தனை மீதி என்பதை சிஸ்எஃப்எஸ்ஸில் (கருனி தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) எழுதியே வைத்திருக்கும். ரேஷன் கடை வாசலில் இருப்புப் பலகை தொங்குமே, அதேதான். அதனால் பங்கீட்டுச் சாதனம் என்பது என் பரிந்துரை.

மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், தனிமடல் வேண்டாம்.

----

வணக்கம் அண்ணா.

> ஆகவே என் பரிந்துரை ஒப்படைப்பு.

கருத்துச் சரி, சொல்லில் ஒரு சிக்கல். இலங்கையில் ஒப்படை என்றால் மாணவர் எழுதிக் கொடுக்கும் பாடவேலை. ‘சாதன ஒப்படைப்பு’ என்று தலைப்பிட்டால் எங்கள் பிள்ளைகள் அது எப்போது சமர்ப்பிக்க வேண்டியது என்று கேட்பார்கள். கையளிப்பு என்று வைக்கலாமே. பதவி, சாவி, ஆவணம் எல்லாவற்றுக்கும் இங்கே கையளித்தல்தான். தமிழ்நாட்டு வாசகருக்கும் முதல் பார்வையில் விளங்கும்.

சேய்க்கூறு நல்ல சொல், உடனே அட்டவணையில் ஏற்றுங்கள்.

பங்கீட்டுச் சாதனம்தான் எனக்குச் செரிக்கவில்லை. நீங்கள் வரைகலை அட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறீர்கள். ஐபிஎம் பெருங்கணினிகளுக்கான விஎஃப்ஐஓ-சிசிடபிள்யூவும் எம்டெவ் வழியாகத்தான் வந்தது. அங்கே ஒரு துணைத்தடத்துக்கு (ஒரு சாதனத்துக்குப் போகும் வழி) ஒரே ஒரு எம்டெவ், ஒரே ஒரு விருந்தினர். எதையும் யாருக்கும் பங்கிடுவதில்லை. விருந்தினர் எழுதிய தட நிரலை (சாதனத்துக்கான கட்டளைத் தொடரை) இயக்கி வாங்கி, அதிலுள்ள முகவரிகளைப் புரவலரின் முகவரிகளாக மாற்றி, அந்த நினைவகப் பக்கங்களைப் பிடித்து நிறுத்தி, பிறகே வன்பொருளிடம் கொடுக்கிறது. ஆகவே எம்டெவ்வின் அடையாளம் இடையில் ஆள் இருப்பதுதான். பங்கு பிரிப்பது சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இராது.

இடையீட்டுச் சாதனம் என்று யாரோ முன்பு முன்மொழிந்ததாக நினைவு. இடையீடு என்றால் தடங்கல் என்றும் பொருள், அதனால் வேண்டாம். இடைநிற்கும் சாதனம் என்றால் பள்ளியை விட்டு நின்ற சாதனம்போல் ஒலிக்கிறது. இடையாள்வழிச் சாதனம் என்கிறேன். கொஞ்சம் நீளம்தான்.

----

வணக்கம் தங்கை.

கையளிப்பு, சரி. மாற்றிவிட்டேன். ‘கையளித்த சாதனம்’, ‘கையளிப்புக் குழு’ என்றெல்லாம் வளைந்துகொடுக்கிறது, ஒப்படைப்பைவிடச் சிறியதும்கூட. ஐஓஎம்எம்யு குழுவுக்குக் கையளிப்புக் குழு என்று விளக்கத்தில் மட்டும் போடுகிறேன். அந்தக் குழு கையளிக்காதபோதும் இருப்பதால் தலைச்சொல்லாக வேண்டாம்.

சிசிடபிள்யூ வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இடையாள்வழிச் சாதனம் இருக்கட்டும். ‘வாயில்’ என்று சுருக்கலாமா என்று பார்த்தேன். தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே போய் வருபவர்களைத் தொல்காப்பியம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பிணையப் பகுதியில் நுழைவாயில் நான்கைந்து இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, மோதும். பங்கு என்பதை எறியவில்லை. அளந்து கொடுக்கும் இயக்கிகளில் ஒரு துண்டுக்குப் பங்கு, எஞ்சியதற்கு மீதப் பங்கு. சிஸ்எஃப்எஸ் கோப்புகளை விளக்கும் பத்தியில் மட்டும் அவை வரும்.

ஒன்று மட்டும் தீரவில்லை. என்விடியாவின் ஆம்பியர் தலைமுறை அட்டைகளில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. முதலில் எஸ்ஆர்-ஐஓவி வழியாகச் சேய்க்கூறுகளை உண்டாக்க வேண்டும். பிறகு, எம்டெவ் முறையைப் பயன்படுத்தும் கருனிகளில், ஒவ்வொரு சேயின் மேலும் ஓர் எம்டெவ்வை ஏற்ற வேண்டும். ‘இடையாள்வழிச் சேய்க்கூறு’ என்று எழுதிப் பார்த்தேன், வாய்க்குள் நுழைய மறுக்கிறது. அந்தப் பத்தியை இப்போதைக்கு “சேய்க்கூற்றின் மேல் அமைந்த இடையாள்வழிச் சாதனம்” என்று விரித்தே எழுதி வைத்திருக்கிறேன். யாரிடமாவது இதைவிடக் குறுகிய வடிவம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள். அன்று இரவு இந்த அத்தியாயத்தின் அட்டவணையைப் பூட்டி மெய்ப்புக்கு அனுப்புகிறேன்.