சுக்கான் இல்லாத பெட்டி கவிழாதா? நோவாவின் பேழை பற்றி ஒரு சந்தேகம்

ஓய்வுநாள் டீச்சர்:

வணக்கம். எங்கள் சபையின் ஓய்வுநாள் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் நோவாவின் பேழை. கதை முடிந்ததும் ஒரு பையன் எழுந்து, "பாயும் இல்லை, சுக்கானும் இல்லை, மூக்கும் இல்லை. அது கப்பலா, பெட்டியா? பெட்டி என்றால் கவிழ்ந்திருக்காதா டீச்சர்?" என்று கேட்டான். சமாளித்து அனுப்பிவிட்டேன், ஆனால் மனசு கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்தைத் திரும்பப் படித்தேன். 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம். மூன்று தட்டு, பக்கத்தில் ஒரு கதவு, மேலே ஒரு ஜன்னல், உள்ளும் புறமும் கீல் (தார்) பூச்சு. அவ்வளவுதான். பையன் சொன்னது எதுவும் அதில் இல்லை.

ஒரு மரத்துண்டை 30 செ.மீ. நீளம், 5 அகலம், 3 உயரம் என்று அறுத்துத் தொட்டியில் விட்டுப் பார்த்தேன். கையால் எவ்வளவு அலை எழுப்பியும் கவிழவில்லை. இதைக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் காட்டி "பாருங்கள், கவிழாது" என்றால் அது நேர்மையான பதிலா? கப்பல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மதச் சண்டை மட்டும் வேண்டாம்.

தனிவழி:

கதைக்கு எதற்கு கால்குலேட்டர்?

கரையேறியவன்:

தனிவழி, கதையில் அளவு கொடுத்திருக்கிறார்களே. அளவு கொடுத்துவிட்டால் கணக்குப் போடலாம்.

டீச்சர், 27 வருடம் சரக்குக் கப்பலில் ஓடினேன், கடைசி 9 வருடம் சீஃப் ஆபீசர். சரக்கை எங்கே எவ்வளவு ஏற்றினால் கப்பல் நிமிர்ந்து நிற்கும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் உங்கள் பையனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

முழத்தை 45 செ.மீ. என்று வையுங்கள். நீளம் 135 மீட்டர், அகலம் 22.5, உயரம் 13.5. பாதி உயரம் தண்ணீருக்குள் இருப்பதாக வைத்தால் மொத்த எடை சுமார் 21,000 டன் வரும். இனி கவிழ்வது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் கூடுதலாக அமிழும். அமிழ்ந்த இடத்தில் தண்ணீர் மேலே தள்ளும். அகலமான பெட்டியில் அந்தத் தள்ளல் நடுவிலிருந்து தள்ளி விழுவதால் பெட்டியைத் திரும்ப நிமிர்த்தும். எவ்வளவு நிமிர்த்தும் என்பதற்கு மெட்டாசென்டர் என்று ஒரு புள்ளியைக் கணக்கிடுவோம். எடையின் மையம் அதற்குக் கீழே இருக்கும்வரை பயமில்லை. பேழைக்கு அந்தப் புள்ளி அடித்தளத்திலிருந்து 9.6 மீட்டரில் வருகிறது. எடையின் மையம் சரியாக நடு உயரத்தில், 6.75-இல் இருந்தாலும் இரண்டு புள்ளிக்கும் இடைவெளி, அதாவது கையிருப்பு, 2.9 மீட்டர். ஒரு மீட்டர் இருந்தாலே நாங்கள் நிம்மதியாகத் தூங்கப் போவோம்.

பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு வேலை செய்யுங்கள். தண்ணீரின் எடையில் பாதி இருக்கிற லேசான மரமாக எடுத்து, 30 செ.மீ. நீளத்தில் அகலமும் உயரமும் 3 செ.மீ. இருக்கும்படி ஒரு சதுரக் கட்டையும் அறுத்து விடுங்கள். எப்படி வைத்தாலும் தட்டையாக நிற்காது. புரண்டு, விளிம்பு மேலே வரும்படி நிற்கும். உங்கள் கட்டையில் அகலம் 2 செ.மீ. கூட, வேறு ஒன்றும் இல்லை. பாபிலோனியரின் கில்காமேஷ் காவியத்திலும் வெள்ளத்துக்கு ஒரு கப்பல் உண்டு. அதன் நீளம், அகலம், உயரம் மூன்றும் 120 முழம். பகடைக்காய் மாதிரி. அடியில் பாரம் போட்டுக் கெட்டிப்படுத்தாவிட்டால் அதில் நான் கால் வைக்க மாட்டேன்.

சுக்கான் இல்லாததைப் பற்றி. ஒருமுறை நடுக்கடலில் எங்கள் எஞ்சின் நின்றுபோனது. ஆறு மணி நேரம். எஞ்சின் இல்லாவிட்டால் சுக்கான் இருந்தும் பயனில்லை. கப்பல் தானாகத் திரும்பி விலாவை அலைக்குக் கொடுத்துக்கொண்டு கிடந்தது. மிதந்து போகிற எதுவும் பெரும்பாலும் அப்படித்தான் கிடக்கும். அன்று ஏற்றியிருந்தது இரும்புத்தாது. கனமான சரக்கு அடியில் கிடந்ததால் கையிருப்பு ஏகமாக இருந்தது. நல்லதுதானே என்பீர்கள். இல்லை. சாய்ந்த கப்பல் வெடுக்கென்று நிமிரும், மறுபக்கம் சாயும், மறுபடி வெடுக். அறையில் கட்டிவைக்காத சாமான் ஒன்றும் இடத்தில் நிற்கவில்லை. மாடும் குதிரையும் நின்றுகொண்டிருக்கிற கப்பலில் இப்படி நடந்தால் கால் முறியும். பேழையின் கணக்குக்கு ஒரு முழு ஆட்டத்துக்குப் பத்து, பதினோரு வினாடி வருகிறது. சொகுசு இல்லை, தாங்கலாம். நீளத்துக்கும் அகலத்துக்கும் ஆறுக்கு ஒன்று என்பதும் நல்ல விகிதம்தான். வேகமாக ஓடவேண்டிய டைட்டானிக்குக் கிட்டத்தட்ட ஒன்பதரைக்கு ஒன்று, பெரிய எண்ணெய்க் கப்பல்கள் பல ஆறை ஒட்டி இருக்கும். பேழைக்கு ஓடவேண்டிய அவசியமே இல்லை. மிதந்தால் போதும்.

ஆக, கவிழுமா என்றால் கவிழாது. தைரியமாகச் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் தொட்டி காட்டாத விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் கட்டை ஒரே துண்டு. பேழை ஆயிரக்கணக்கான துண்டு. 135 மீட்டர் நீள அலை என்பது கடலில் அதிசயமில்லை. ஒன்பது வினாடிக்கு ஒன்று வரும். மூக்கை அலைக்கு நேராகக் கொடுத்தால், ஒரு கணம் அலைமுகடு நடு வயிற்றைத் தூக்கும், இரண்டு முனையும் தொங்கும். அடுத்த கணம் முனைகளை இரண்டு முகடுகள் தூக்கும், நடு தொய்யும். ஹாகிங், சேகிங் என்போம். 150 நாள் வெள்ளம் நின்றதாக வேதம் சொல்கிறது. எப்போதும் இப்படியே கிடந்திருந்தால் 14 லட்சம் தடவை இந்த வளைவு. விலாவைக் கொடுத்துக் கிடந்தால் நீளவாக்கு வளைவு குறையும், உண்மைதான். ஆனால் கடல் எப்போதும் ஒரே திசையிலிருந்து வராது. சாய்வாக அடிக்கும்போது முறுக்கும்.

அதோடு ஒரு பொருளின் எல்லா அளவும் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு ஏறும், தாங்குகிற மரத்தின் குறுக்குவெட்டு நான்கு மடங்குதான் ஏறும். உங்கள் கட்டை 450-இல் ஒரு பங்கு. அதே வடிவம், அதே மரம் என்றால் நிஜப் பேழையின் மரம் தாங்கவேண்டிய அழுத்தம் 450 மடங்கு. 1990-களில் கொரியக் கப்பல் பொறியாளர்கள் சிலர் பேழையை வேறு 12 வடிவங்களோடு ஒப்பிட்டு, 30 மீட்டர் அலையிலும் கவிழாது என்று எழுதினார்கள். படைப்புவாத இதழ் ஒன்றில் வந்தது. கவிழ்வதில் எனக்கும் அவர்களுக்கும் வழக்கில்லை. மர மூட்டுகளைப் பற்றித்தான் என் கவலை. நான் இரும்புக் கப்பல்காரன், மரம் தெரிந்தவர் யாராவது சொல்லட்டும்.

ஓடாவி மகன்:

நான் சொல்கிறேன் சார். அப்பா மரக்கலம் கட்டுகிற ஓடாவி. சின்ன வயதில் அவரோடு கலப்பற்று அடித்திருக்கிறேன். பஞ்சைத் திரித்துப் பலகை இடுக்கில் வைத்து, உளியால் உள்ளே இறக்கி, மேலே கீல் பூசுவது. பூசி முடித்தால் கண்ணாடி மாதிரி இருக்கும், பார்க்கிறவர்கள் "இனி சொட்டுத் தண்ணி வராது" என்பார்கள். அப்பா சிரிப்பார். கரையில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும், கடலில் இறக்கியபிறகு பேசு என்பார்.

பிள்ளைகளுக்குக் காட்ட எளிய வழி: பத்து ஸ்கேலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இரண்டு முனையையும் பிடித்து வளையுங்கள். ஸ்கேல்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். மரக்கப்பலின் பலகையும் அப்படித்தான். இரும்புத் தகட்டை வெல்டிங் செய்து ஒரே உடலாக்கலாம். பலகையை ஆணியும் முளையும்தான் பிடித்திருக்கும். அந்த வழுக்கல் கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சை வெளியே தள்ளும், கீல் பிளக்கும்.

வயோமிங் என்று ஒரு கப்பல். 1909-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பாத் என்ற ஊரில் கட்டியது. ஆறு பாய்மரம். முன்னே நீட்டிய கழியிலிருந்து பின்கழி வரை அளந்தால் சுமார் 137 மீட்டர், உடல் மட்டும் ஏறக்குறைய 100 மீட்டர். இரும்புப் பட்டைகளைக் குறுக்கும் மறுக்கும் போட்டு இறுக்கியிருந்தார்கள். அப்படியும் கடல் கொந்தளித்தால் உடல் நெளியும், பலகை விலகும், தண்ணீர் வரும், பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். 1924 மார்ச் மாதம் புயலில் போனது, ஆள் ஒருவர்கூட மிஞ்சவில்லை. பேழை அந்த உடலைவிட மூன்றில் ஒரு பங்கு நீளம் கூட.

இந்தக் காலத்தில் பேழை கட்டுகிறவர்களே அதைக் கடலுக்கு நம்பவில்லை பாருங்கள். நெதர்லாந்தில் யோகான் ஹைபர்ஸ் 2012-இல் முழு அளவில் கட்டியது இரும்புத் தெப்பங்களின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கியில் 2016-இல் திறந்தது தரையிலேயே நிற்கிறது. குறை சொல்லவில்லை. மர வேலையைப் பொறுத்தவரை பிரமாதம்.

பழஞ்சுவடி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு விஷயம்.

பாதி உயரம் அமிழ்ந்தது என்பது அனுமானம். 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி, வெள்ளம் வடிந்த நாட்களைக் கணக்கிட்டு, பேழை 11 முழம்தான் தண்ணீருக்குள் இருந்தது என்கிறார். கரையேறியவன் ஐயா அதற்கும் கணக்குப் போடுவாரா?

அப்புறம், எபிரேயத்தில் பேழைக்கு வரும் 'தேவா' என்ற சொல் கப்பலைக் குறிக்கும் சொல்லே அல்ல. வேதாகமத்தில் இன்னும் ஒரே ஒரு பொருளுக்குத்தான் அது வருகிறது: குழந்தை மோசேயை ஆற்றில் விட்ட நாணற்பெட்டி. அதற்கும் கீல்தான், அதற்கும் சுக்கான் இல்லை. பையன் பெட்டி என்று சொன்னது ரொம்பச் சரி.

பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில் வெள்ளத்துக்கான கலம் வட்டமாக இருக்கிறது, பெரிய பரிசல் மாதிரி. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இர்விங் ஃபிங்கல் அதைப் படித்து 2014-இல் வெளியிட்டார். கேரளத்தில் அதைச் சிறிய அளவில் கட்டியே பார்த்தார்கள். மிதந்தது. ஒழுகவும் செய்தது.

கரையேறியவன்:

ராஷி கணக்கு: 11 முழம் என்றால் 4.95 மீட்டர். மொத்த எடை 15,400 டன்னாகக் குறையும். எடையின் மையம் அதே இடத்தில் என்றால் கையிருப்பு 4.2 மீட்டருக்கு மேல் போகிறது, ஆட்டம் ஒன்பது வினாடிக்குள் வந்துவிடும். இரும்புத்தாது கதைதான், வெடுக் வெடுக். ராஷியிடம் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் மாட்டைக் கேட்டால் பாதி உயரத்துக்கே ஓட்டுப் போடும்.

ஓய்வுநாள் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பில் செய்து பார்த்தோம். சதுரக் கட்டை புரண்டதும் ஒரே கைத்தட்டல். ஸ்கேல் இடுக்குகளில் மெழுகு உருக்கி ஊற்றி வளைத்தோம். மூன்றாவது வளைப்பிலேயே மெழுகு பொரிந்து மேசையெல்லாம் கொட்டியது. "கவிழாது, ஆனால் தண்ணீர் உள்ளே வரும்" என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பையன் மட்டும் விடவில்லை. "பேழையில் மொத்தம் எட்டுப் பேர்தானே டீச்சர், தண்ணீர் இறைத்தது யார்?" என்கிறான்.

ஓடாவி மகன்:

எட்டுப் பேரும்தான் டீச்சர். முறை வைத்து.