மதுரையில இருந்தே கமர்ஷியல் கேஸ் பார்க்கலாமா, சென்னைக்குப் போகணுமா?

ஆனையூர் ஜூனியர்:
சீனியர் ஆபீஸ்ல பாகப்பிரிவினையும் செக் கேஸுமா ஓடுது. எனக்கு வியாபாரத் தகராறு வழக்குலதான் ஆசை. அதெல்லாம் சென்னையிலதான்னு கூடப் படிச்சவங்க சொல்றாங்க. இங்க இருந்தா தேறுமா அண்ணே?

ஒத்தக்கடை வக்கீல்:
பாதி நிஜம் தம்பி. பெரிய தொகை வழக்கை நேரா ஹைகோர்ட்டுலயே போடுற ஒரிஜினல் சைடு சென்னைக்குத்தான் உண்டு; 2004-ல வந்த நம்ம மதுரை ஹைகோர்ட் கிளைக்குக் கிடையாது. ஆனா 2018 திருத்தத்துக்கு அப்புறம் 3 லட்ச ரூபாய்த் தகராறே கமர்ஷியல் கோர்ட்டுக்குப் போகும். ராஜபாளையம் நூல், சிவகாசி அச்சு, போடி ஏலக்காய், மேலூர் கிரானைட்னு சரக்கு போய்ப் பணம் வராத கதைக்கு இங்க பஞ்சமா?

முதல்ல பேரேடு, அதாவது கணக்குப் புத்தகம், படிக்கப் பழகு. நூல் பாக்கி கேஸ் வந்தா நான் முதலாளிகிட்ட கதை கேக்குறதில்ல. கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு இன்வாய்ஸ், இ-வே பில் (சரக்கு கொண்டு போறதுக்கான ஜிஎஸ்டி சீட்டு), லாரி ரசீது மூணையும் மேஜையில ஜோடி சேர்க்கச் சொல்லுவேன். சரக்கு இறங்குன சீல் இல்லாத ரசீது எதுன்னு அப்பவே தெரிஞ்சிடும். குறுக்கு விசாரணையில எதிர் வக்கீல் அங்கதான் கை வைப்பார். அப்புறம், பாக்கியை ஒத்துக்கிட்டு எதிராளி கையெழுத்துப் போட்ட கடுதாசி இருக்கான்னு தேடு. கேஸ் போடுறதுக்கான 3 வருஷக் கெடு முடியறதுக்குள்ள போட்டிருந்தா, அந்தத் தேதியிலிருந்து புதுசா 3 வருஷம்.

அவசர இடைக்கால உத்தரவு கேக்காத கேஸ்னா, கமர்ஷியல் கோர்ட் சட்டம் 12ஏ பிரிவுல சொல்ற, வழக்குக்கு முந்தின சமரசத்துக்குப் போகாம பிளைன்ட் (வழக்கு மனு) போடாதே. 2022-ல சுப்ரீம் கோர்ட் அதைக் கட்டாயம்னு சொல்லிருச்சு.

வருமானம்? ஆரம்பத்துல எங்கயும் இருக்காது. இங்க ரூம் வாடகையாவது மிச்சம்.

கே.கே.நகர் ராவுத்தர்:
பிரதிவாதிக்கு ஆஜரானா இன்னும் உஷாரா இருங்க. சம்மன் கிடைச்சு 120 நாள் தாண்டுனா ரிட்டன் ஸ்டேட்மென்ட் (பிரதிவாதியோட பதில் மனு) ரெக்கார்டுலயே ஏறாது. சொத்து வழக்கு மாதிரி “அடுத்த வாய்தாவுல போடுறோம் அய்யா”ன்னு இழுக்க முடியாது.

ஆனையூர் ஜூனியர்:
நன்றிண்ணே. சரக்கு ஆர்டர் பூரா வாட்ஸ்அப்புலதான் வந்திருக்குன்னா செல்லுமா?

ஒத்தக்கடை வக்கீல்:
செல்லும். புது சாட்சியச் சட்டம் 63-வது பிரிவுல சான்றிதழ் வேணும். அதுல ரெண்டு பாகம், ரெண்டாவதுல நிபுணர் கையெழுத்து. ஹாஷ் மதிப்பும் (ஃபைல் மாறலைன்னு காட்டுற கைரேகை மாதிரியான எண்) குறிக்கணும். கட்சிக்காரர் அந்த போனை எக்ஸ்சேஞ்சுல போட்டுறாம இன்னிக்கே சொல்லி வை.