பாடக்குறிப்புக்கு நேரம் எங்கே போகிறது? தருமபுரி, கிருஷ்ணகிரி ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

பென்னாகரம், அறிவியல்

ஆறாம் வகுப்பு அளவீடுகள் பாடம். வாட்ஸ்அப்பில் வந்த பாடக்குறிப்பு (பாடம் நடத்துமுன் ஆசிரியர் எழுதும் திட்டம்), ஆர்வமூட்டல் முதல் தொடர்பணி வரை வரி பிசகாமல் நோட்டில் ஏறியிருந்தது. வகுப்பில் பார்த்தால், அளவுசாடியின் வாய்க்குள் கல் நுழையவில்லை! பீரியட் அதோடு போச்சு. இன்னும் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நீர்மட்டம் ஏறுவதை வைத்துக் கல்லின் கனஅளவைக் கண்டுபிடிக்கும் அந்தச் சோதனைக்குக் குறிப்பில் வேண்டியது நாலு வரிதான். 100 மி.லி. அளவுசாடி, அதில் 50 மி.லி. தண்ணீர், தாராளமாக உள்ளே இறங்கும் கூழாங்கல், மெல்லிய நூல். செங்கல் துண்டு கூடாது. தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கனஅளவைக் குறைத்துக் காட்டும். கல்லை நூலில் கட்டி மெதுவாக இறக்கணும். தொப்பென்று போட்டால் தண்ணீர் தெறித்துக் கணக்கு தப்பும், கண்ணாடிச் சாடி என்றால் அடியே விட்டுப்போகும். நீர்மட்டத்தைப் பிள்ளைகள் மேலிருந்து ஒருமுறை, நேராக ஒருமுறை, கீழிருந்து ஒருமுறை பார்த்து எழுதட்டும். இடமாறு தோற்றப்பிழையும் (பார்க்கும் கோணம் மாறினால் அளவு மாறித் தெரிவது) அங்கேயே முடிந்துவிடும், அதற்குத் தனி பீரியட் வேண்டாம்.

எல்லாப் பாடத்துக்கும் பொதுவான வாசகங்களை நோட்டின் முதல் பக்கத்தில் ஒருமுறை எழுதிவிட்டு, வாராவாரம் பக்க எண் மட்டும் போட்டால் போதும்.

தளி, ஈராசிரியர் பள்ளி

சார் சொல்றது பட்டதாரி ஆசிரியர்களுக்குச் சரி. ஒருத்தரே மூணு வகுப்பைப் பிடிக்கிற இடத்துல நேரம் வேற எங்கேயோ போகுது. பிள்ளைங்களுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித்தர்ற அரசுத் திட்டமான எண்ணும் எழுத்தும் 2022ல மூணாம் வகுப்பு வரைக்கும் வந்தது, அடுத்த கல்வியாண்டுல நாலு, அஞ்சுக்கும் வந்துடுச்சு. இதுல பிள்ளைங்களை அவங்க கத்துக்கிட்ட அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையா பிரிப்போம். செயல்பாடு எல்லாமே ஆசிரியர் கையேட்டுல இருக்கு, அதைத் திரும்ப நோட்டுல எழுதுறது வீண் வேலை. நாம உட்கார்ந்து யோசிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: நான் அரும்பு பிள்ளைங்களோட உட்காரும்போது மொட்டும் மலரும் என்ன செய்யும்?

40 நிமிஷத்துல முதல் 10 எல்லாருக்கும் பொதுவா பாட்டு, கதை. அடுத்த 15 அரும்போட நான், மத்தவங்க பயிற்சி நூல். அப்புறம் 10 மொட்டு, மலர் பக்கம். கடைசி 5 சரிபார்க்க. இது சறுக்குற இடம் எப்பவும் ஒண்ணுதான். மலர் பிள்ளைங்க பயிற்சி நூலைச் சீக்கிரம் முடிச்சுட்டு, சத்தம் ஆரம்பிக்கும், அரும்பு பிள்ளைங்க கவனம் அங்கே திரும்பிடும். அதனால திட்டத்துல ரெண்டாவது வேலை ஒண்ணு கட்டாயம் இருக்கணும். ஒரு பையில 100 புளியங்கொட்டை, பத்துப்பத்தா குவிச்சு வை, 37 எடு, இன்னும் எத்தனை சேர்த்தா 50 ஆகும்னு நோட்டுல எழுது. நம்ம ஊர்ல புளியங்கொட்டைக்கா பஞ்சம்?

அரூர், கணக்கு

பென்னாகரம் சார், பக்க எண் யோசனை நடக்காது. பார்வைக்கு வருகிறவர் முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார், திருப்பி எழுதச் சொல்லிவிடுவார். கோடு போடாத லாங் சைஸ் நோட்டில் இடப்பக்கம் மாறாதவை, வலப்பக்கம் அந்த வாரத்துக்கு உரியவை. இரண்டும் ஒரே பார்வையில் தெரியும்.

அதைவிட முக்கியம், மதிப்பீட்டுக் கேள்விகளை முதலில் எழுதுங்கள். கேள்வி முடிவானால் நடுவில் என்ன நடத்தவேண்டும் என்பது தானாக வந்துவிடும். பின்னக் கூட்டலில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. அந்தத் தப்பைக் குறிப்பிலேயே எழுதி, பக்கத்தில் மருந்தையும் எழுதுங்கள்: 12 செ.மீ. காகிதப் பட்டை. பாதி 6, மூன்றில் ஒன்று 4, சேர்த்தால் 10, அதாவது 5/6. ஐந்தில் இரண்டு 4.8தான். பாதியோடு இன்னொன்றைச் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா என்று கேளுங்கள், பிள்ளையே அழித்துத் திருத்தும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை வாங்கி வைக்காதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடில் இருந்தால்தான் வேண்டிய வரியைத் தேடி எடுக்கலாம், அடுத்த வருடம் திருத்தலாம். தமிழில் குரல்வழித் தட்டச்சு நன்றாகவே வேலை செய்கிறது, பின்னத்தையும் சமன்பாட்டையும் மட்டும் கையால் எழுதுங்கள். கோப்புக்கு வகுப்பு, பருவம், பாட எண் மூன்றையும் பெயராக வையுங்கள். ‘புதியது’, ‘புதியது 2’ என்று வைத்தால் ஜூன் மாதம் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

பென்னாகரம், அறிவியல்

வலப்பக்க முறை சரிதான் டீச்சர், ஒத்துக்கொள்கிறேன். அதில் ஓரமாக இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள். மணி அடித்ததும் எது எடுபட்டது, எது இழுத்தது என்று பென்சிலில் எழுத அந்த இடம் போதும்.

ஓசூர், சமூக அறிவியல்

பருவத் தொடக்கத்தில் பீரியட் கணக்கு போடுகிறவர்கள் நாள்காட்டி விடுமுறையை மட்டும் கழிக்கிறார்கள். தேர்வு, பயிற்சி வகுப்பு, விளையாட்டு விழா எல்லாவற்றையும் சேர்த்துக் கழியுங்கள். ஆடிப்பெருக்கு வாரத்தில் புதுப் பாடம் தொடங்க வேண்டாம். பாதிப் பிள்ளைகள் ஒகேனக்கல் போய்விட்டு வந்தால் அதே பாடத்தை மறுபடி முதலிலிருந்து எடுக்கவேண்டி வரும். அந்த வாரத்துக்கு வரைபடப் பயிற்சியை ஒதுக்கி வையுங்கள்.