ராஃப்ட்: ஒரே டேர்முக்கு ரெண்டு லீடர் வருதுங், அவசரம்

பெருந்துறை_பையன்: எம்.இ. லேப் ப்ராஜெக்ட்டுங்க. பல மெஷின் ஓட்டுப் போட்டு ஒரு லீடரைத் தேர்ந்தெடுத்து, எல்லாத்துலயும் ஒரே டேட்டா வெச்சுக்கற ராஃப்ட் அல்காரிதத்தை நானே எழுதியிருக்கறேன். அப்பப்ப ஒரே டேர்ம்ல (ஒரு தேர்தல் சுற்றுல) ரெண்டு லீடர் வந்துருது, ஒண்ணுதான் வரணும். வியாழன் ரிவ்யூ. யாராச்சும் சொல்லுங்க.

நொய்யல்கரை: எத்தனை நோடு (மெஷின்)? லீடர் சத்தம் இல்லைன்னா மறுதேர்தல் வெக்கற டைம்அவுட் எவ்வளவு? எப்ப வருது? ஒண்ணுமே சொல்லாம எப்படிங்க சொல்றது?

பொள்ளாச்சி_இளநி: கடிகாரம் சிங்க் ஆகலை. எல்லா மெஷின் நேரத்தையும் ஒண்ணாக்கற என்டிபி போடுங்க, எல்லாம் சரியாகும்.

நொய்யல்கரை: இல்லைங்ணா. கடிகாரம் தப்பினா லீடர் அடிக்கடி மாறும், வேலை நிக்கும், அவ்வளவுதான். ஒரே டேர்ம்ல ரெண்டு லீடர்னா யாரோ ரெண்டு ஓட்டுப் போட்டிருக்காங்க. பெரும்பான்மை ரெண்டுக்கும் ஒரு நோடாவது பொதுவா இருக்கணுமில்ல?

பீளமேடு_பழசு: 2014ல ஒங்காரோவும் ஆஸ்டர்ஹவுட்டும் எழுதின ராஃப்ட் பேப்பரோட ரெண்டாவது படத்தைப் பாத்திருந்தா இந்தக் கேள்வியே வராது. இப்பத்த பசங்க படிக்கறதே இல்லை.

பெருந்துறை_பையன்: படிச்சனுங். டேர்ம், ஓட்டு, லாக் (வந்த கட்டளைகளோட வரிசை) மூணையும் ஃபைல்லதான் எழுதறேன். 5 நோடு, டைம்அவுட் 150-300 மில்லிசெகண்டு ரேண்டம். ப்ராசஸை கில் பண்ணிப் பாத்தா வரவே மாட்டேங்குது. கரண்ட் போயி வந்தாத்தான் வருது.

சென்னிமலை_தறி: அதை மொதல்லயே சொல்லோணுமல்ல தம்பி! எல்லா மெஷினும் யூபிஎஸ்லயா?

பெருந்துறை_பையன்: ரெண்டு மட்டுந்தானுங்.

சென்னிமலை_தறி: அப்ப மூணு விழுது, 5ல அதுவே பெரும்பான்மை. ஃபைல்ல எழுதினதும், அதை அப்பவே டிஸ்க்குல எறக்கற எஃப்சிங்க் போடறீங்களா? போடலைன்னா அது கெர்னல் கேஷ்லதான் (ஓ.எஸ். மெமரியில) கெடக்கும், லினக்ஸ்ல 30 நொடிகூட ஆகும் டிஸ்க்குக்குப் போக. ப்ராசஸ் செத்தாலும் கேஷ் இருக்கும்; கரண்ட் போனா போச்சு. மூணும் எந்திரிச்சதும் போட்ட ஓட்டை மறந்துட்டு, அதே டேர்முக்கு மறுக்கா ஒரு லீடரைத் தேர்ந்தெடுக்குது. யூபிஎஸ்ல இருக்கற பழைய லீடருக்கு இன்னும் தெரியாது. ஓட்டு டிஸ்க்குல எறங்கின பொறவுதான் பதில் அனுப்போணும்.

பொள்ளாச்சி_இளநி: இதே வேலைக்கான பழைய அல்காரிதம் பாக்ஸோஸ்ல எழுதியிருந்தா இந்தக் கெரகமே இல்லை. 1998லயே லாம்போர்ட் பேப்பர் வந்துருச்சு.

நொய்யல்கரை: பாக்ஸோஸ்லயும் அக்செப்டர் (ஓட்டுப் போடற நோடு) குடுத்த வாக்கை டிஸ்க்குல வெச்சே ஆகணும். மறந்தா அங்கயும் இதே கதிதான்.

பொள்ளாச்சி_இளநி: ராஃப்ட்டே பாக்ஸோஸுக்குச் சட்டை மாத்தினதுதான்.

பீளமேடு_பழசு: ரெண்டு பேரும் வேற இழை தொறந்து அடிச்சுக்குங்க. நான் சொன்ன படத்துலயும் அதுதான் போட்டிருக்கு, பதிலுக்கு முன்னாடி ஸ்டேபிள் ஸ்டோரேஜ்னு, அதாவது டிஸ்க்குல எழுதணும்னு.

நொய்யல்கரை: எஃப்சிங்க்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே.

பெருந்துறை_பையன்: எஃப்சிங்க் போட்டாச்சுங். மெயின் சுவிட்சை அணைச்சு அணைச்சுப் பாத்தேன், ஒரே லீடர்தான். ஆனா ரைட் ரொம்ப மெதுவாயிருச்சு. ரொம்ப நன்றிங்ணா.

சென்னிமலை_தறி: மெதுவாத்தான் ஆகும். லாக் என்ட்ரிகளைச் சேத்து வெச்சு மொத்தமா ஒரு எஃப்சிங்க் போடுங்க. டிஸ்க் எஸ்எஸ்டியா?