வால்வு இடைவெளி சரி, டிக் டிக் சத்தம் மட்டும் போகவில்லை

வண்டி மோரிஸ் மைனர், ஏ-சீரிஸ் இன்ஜின். நேற்று இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு நானே வால்வு இடைவெளி (வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் கைக்கும் நடுவிலுள்ள சந்து) வைத்தேன். எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவது, ஏழாவது திறந்தால் இரண்டாவது என்று, இரண்டு எண்ணையும் கூட்டினால் ஒன்பது வரும் கணக்குத்தான். எல்லாம் 0.30 மி.மீ. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பிப் பொறுமையைச் சோதித்தது, அது வேறு கதை.

ஆனாலும் டிக் டிக் சத்தம். ஐடிலில் ஓடும்போது ஐந்தாவது வால்வில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) செருகினால் அடங்குகிறது. அப்புறம் அந்த ராக்கரைத் தளர்த்தி ஓரமாகத் தள்ளி, வால்வைத் தொடும் முனையை நகத்தால் தடவினேன். சின்னக் குழி தட்டுப்படுகிறது. கேஜ் குழிக்கு மேலேயே நின்று, உண்மையான இடைவெளியை மறைக்கிறதோ?

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்: ராக்கர் முனையைத் தேய்த்துச் சமன் செய்யலாமா, மாற்றித்தான் ஆக வேண்டுமா? அதுவரை வண்டியை ஓட்டலாமா?