39 விநாடி: கொன்டடோர் வென்றாரா, ஷ்லெக்கின் செயின் வென்றதா?

லபுக்கலை ஏற்றம்:
டூர் டி பிரான்ஸ் என்ற மூன்று வார சைக்கிள் ஓட்டத்தைப் பற்றிப் பதுளைக்காரன் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. "2010 டூர் டி பிரான்ஸ் திருட்டு வெற்றி. ஆண்டி ஷ்லெக்கின் செயின் கழன்ற நேரம் பார்த்து கொன்டடோர் பாய்ந்து 39 விநாடி எடுத்தார், பாரிஸில் வென்றதும் அதே 39 விநாடியால்" என்கிறார். அண்ணே, இரண்டு 39ம் ஒன்றல்ல. 15ஆம் கட்டம் (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) தொடங்கும்போது மொத்த நேரத்தில் ஷ்லெக் 31 விநாடி முன்னால். போர்ட் டி பாலேஸ் ஏற்றத்தில் செயின் கழன்றது, லூஷோனில் ஓட்டம் முடிந்தபோது கொன்டடோர் 8 விநாடி முன்னால். பாரிஸுக்கு முதல் நாள், போர்தோவிலிருந்து பொய்யாக்குக்குப் போன தனியோட்டத்தில், அதாவது ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு ஓடும் கட்டத்தில், ஷ்லெக் இன்னும் 31 விநாடி இழந்தார். 8ம் 31ம் 39. தனியோட்டத்தில் எந்தச் செயினும் கழலவில்லை.

பதுளைக்காரன்:
நல்ல கணக்கு தம்பி. இப்போது செயின் கழலாத கணக்கைப் போடுங்கள். 31 முன்னால் இருந்தவர் தனியோட்டத்தில் 31 விட்டால் மிச்சம் என்ன? பூச்சியம். மூன்று வாரம் ஓடி இருவரும் சமம். அப்படியானால் அந்த முழு 39ம் செயின் கொடுத்ததுதானே? மொத்த நேரத்தில் முதலிடக்காரர் போடும் மஞ்சள் ஜெர்சியை லூஷோனில் கொன்டடோர் போட்டபோது சனம் கூச்சலிட்டது. அன்றிரவே கொன்டடோர் காணொளியில் மன்னிப்புக் கேட்டார். தவறு செய்யாதவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார்?

ஹப்புத்தளைக் காற்று:
சமமாக வந்தால் தனியோட்டங்களின் நூறில் ஒரு பங்கு விநாடியை எடுத்து முடிவு சொல்வார்கள், அதற்கும் விதி இருக்கிறது. அதை விடுங்கள். அதே டூரின் 2ஆம் கட்டத்தைப் பதுளைக்காரர் ஏன் மறந்தார்? ஸ்டொக்கூ இறக்கத்தில் மழை, ஷ்லெக் சகோதரர்கள் இருவரும் விழுந்தார்கள். மஞ்சள் ஜெர்சியில் இருந்த கன்செலாரா, அவர்களுடைய அணிக்காரர், முழுக் கூட்டத்தையும் மெதுவாக்கி அவர்களைச் சேர வைத்தார். மறுநாள் கல் பாவிய வீதியில் ஃபிராங்க் ஷ்லெக் விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டார். அன்று கன்செலாரா காத்திருந்தாரா? ஆண்டியை இழுத்துக்கொண்டு பறந்தார். கொன்டடோர் அன்று ஆண்டியிடம் 1 நிமிடம் 13 விநாடி இழந்தார். உங்களுக்கு 39தான் கண்ணில் படுகிறது, 73 படவில்லை.

பதுளைக்காரன்:
கல் வீதியில் வேகமாக ஓடுவது திறமை. கழன்ற செயினைத் தாண்டி ஓடுவது திறமையா? பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1971இல் மஞ்சள் ஜெர்சியோடு ஒக்கான்யா மெந்தே கணவாயில் விழுந்து ஓட்டத்தை விட்டுப் போனபோது, மறுநாள் மெர்க்ஸ் அந்த ஜெர்சியைப் போட மறுத்தார். 2003இல் லூஸ் ஆர்டிடென் ஏற்றத்தில் ரசிகர் ஒருவரின் பை ஹேண்டிலில் மாட்டி ஆம்ஸ்ட்ராங் விழுந்தார், உல்ரிச் காத்திருந்தார். 2022இல் ஸ்பாண்டெல் இறக்கத்தில் பொகாச்சார் விழுந்தார், மஞ்சள் ஜெர்சியில் இருந்த விங்ககோர் மெதுவாக ஓடிக் காத்திருந்தார், இருவரும் கைகுலுக்கினார்கள். அன்றைய கட்டம் முடிந்த அவுட்டகாம் மலையிலும் விங்ககோரே வென்றார், டூரையும் வென்றார். காத்திருந்து தோற்றவர் யார்?

லபுக்கலை ஏற்றம்:
உல்ரிச் தோற்றார். நீங்களே எழுதிவிட்டு என்னைக் கேட்கிறீர்கள். 2017இல் இத்தாலியின் ஜீரோ சைக்கிள் ஓட்டத்தைப் பாருங்கள். பெர்கமோவுக்குப் போன கட்டத்தில் கின்டானா விழுந்தபோது டுமுலான் கூட்டத்தை மெதுவாக்கினார். அடுத்த கட்டத்தில் டுமுலானுக்கு வயிறு கெட்டு வீதியோரம் இறங்க வேண்டி வந்தது. கின்டானாவும் நிபாலியும் காத்திருக்கவில்லை. விழுந்தவருக்குக் காத்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லும் எழுதாத சட்டம் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறது. அப்புறம் நீங்கள் காட்டிய மூவரும் விழுந்தவர்கள். ஷ்லெக் விழவில்லை. தானே பாய்ந்து, பாய்ந்தபோது செயினைக் கழற்றிக்கொண்டார். அது ஓட்டுபவரின் கைப்பிழை. மென்சோவும் சாமுவேல் சாஞ்செஸும் கூடவே போனார்கள், அவர்களுக்கு மூன்றாமிடச் சண்டை. அவர்களையும் திருடர் என்பீர்களா?

கொத்மலை நனைந்தவன்:
விநாடியை விட்டுவிட்டு உயிரைப் பற்றிப் பேசுங்களேன். 1995 டூரில் கசார்தெல்லி, 2011 ஜீரோவில் வெய்லண்ட், 2023இல் சுவிஸ் சுற்றோட்டத்தில் ஜினோ மேடர். மூவரும் இறக்கத்தில் விழுந்து உயிரை விட்டவர்கள். 2024 ஏப்ரலில் பாஸ்க் ஓட்டத்தில் விங்ககோருக்கு நுரையீரல் சுருங்கி, காறை எலும்பும் விலா எலும்புகளும் உடைந்தன. ஜூலையில் டூரில் இரண்டாமிடம்! ரம்பொடை இறக்கத்தில் மழை நாளில் பிரேக் கட்டை பிடிக்காமல் போனவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். நம் பையன்கள் இன்னும் ஹெல்மெட் இல்லாமல் இறங்குகிறார்கள்.

ஹப்புத்தளைக் காற்று:
ஹெல்மெட் விலை தெரிந்து பேசுங்கள். கொழுந்து எடுக்கிற வீட்டுப் பையனுக்கு லுமாலா சைக்கிளே பெரிய செலவு.

கொத்மலை நனைந்தவன்:
தலைக்கு அதைவிடச் செலவு. 2003இல் ஓட்டவீரர் கிவிலெவ் விழுந்து இறந்த பிறகுதான் தொழில்முறை ஓட்டங்களில் ஹெல்மெட் கட்டாயமாயிற்று. நாமும் ஒருவரைப் புதைத்துவிட்டுத்தான் போட வேண்டுமா?

பதுளைக்காரன்:
ஹெல்மெட்டுக்குத் தனியாக எழுதுங்கள். எனக்கு 39க்குப் பதில் வேண்டும். செயின் கழன்றது கைப்பிழை என்று லபுக்கலை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். சித்திரைப் புத்தாண்டு ஓட்டத்தில், ஹக்கலை தாண்டி வெலிமடை இறக்கம் தொடங்கும் இடத்தில் என் செயின் கழன்றது. பக்கத்தில் வந்தவர் யார்? திரும்பிப் பார்த்துவிட்டு மிதித்தவர் யார்?

லபுக்கலை ஏற்றம்:
சரி, கொன்டடோர் மேல் உள்ள கோபம் எங்கிருந்து வந்தது என்று வெளியே வந்துவிட்டது. நான் திரும்பிப் பார்த்தது பின்னால் வந்த வான் வண்டியை. உங்கள் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று தொடக்கத்திலேயே சொன்னேன். "நான் ஓடிய காலத்தில் நீ பிறக்கவில்லை" என்றீர்கள்.

பதுளைக்காரன்:
வான் வரவில்லை. அந்த வீதி காலையிலேயே மூடியிருந்தது. பிறகு என்ன, 2012இல் கொன்டடோரின் பட்டம் பறிக்கப்பட்டு ஷ்லெக்குக்குப் போனது. ஏட்டில் இன்று யார் பெயர்?

லபுக்கலை ஏற்றம்:
அது கிளென்பியுட்டரால் என்ற தடைசெய்த மருந்து வழக்கு. செயினுக்காக ஒருவரும் பட்டத்தைப் பறிக்கவில்லை.

ஹப்புத்தளைக் காற்று:
2025இல் துலூஸில் பொகாச்சார் விழுந்தார், விங்ககோர் இருந்த கூட்டம் காத்திருந்தது. மறுநாளே அவுட்டகாமில் பொகாச்சார் விங்ககோரை 2 நிமிடத்துக்கு மேல் பின்னால் தள்ளினார். காத்திருந்ததற்கு அதுவா பரிசு?

பதுளைக்காரன்:
பொகாச்சார் கூட்டத்துக்கு நன்றி சொன்னார். பிறகு காலால் வென்றார். நான் கேட்பதும் அதுதான், காலால் வெல்லுங்கள். லபுக்கலைத் தம்பி, 31இல் 31 போனால் எத்தனை? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

லபுக்கலை ஏற்றம்:
8ம் 31ம் 39. வரும் சித்திரைக்கு நானும் வருகிறேன். புதுச் செயின் போட்டுக்கொண்டு வாருங்கள்.

பதுளைக்காரன்:
வருவேன். கேட்டதற்குப் பதில் எங்கே?