அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு மனச்சாட்சியோடு இருக்க முடியுமா?

உப்புவெளிக்காரன்:
ஒன்பது வருசமாக அரசாங்க வேலை. கந்தோருக்குப் போகும் வழியில்தான் திருகோணமலை காந்தி சிலை, கடற்கரை. 2006 ஜனவரி 2ஆம் திகதி அங்கே ஐந்து மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள், 2019இல் குற்றம் சாட்டப்பட்ட அதிரடிப்படைக்காரர் 13 பேரையும் சாட்சி போதாது என்று விட்டுவிட்டார்கள். அதே அரசாங்கத்தின் முத்திரையைத்தான் நான் தினமும் குத்துகிறேன். ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வேறு. 2020இல் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களையும் எரிக்கத்தான் வேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது, கந்தோரில் எங்கள் தமிழ் ஆள் ஒருவரே "அவங்களாலதானே பரவினது" என்றார். நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். வேலையை விடுவதா? இரண்டு பிள்ளைகள், லோனும் இருக்கிறது.

பழைய கிளாக்கர்:
விடாதேங்கோ தம்பி. காணாமல் போன மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி எத்தனை தாய்மாரை அலைக்கழித்தார்கள். காணாமற்போனதற்கென்று தனிச் சான்றிதழ் எடுக்கலாம் என்று 2016இல் சட்டம் வந்ததே, அதை அந்த அம்மாவிடம் சொல்வதற்குக் கதிரையில் ஒரு ஆள் இருக்க வேண்டாமா?

மூதூர்த் தாத்தா:
கதிரை சரி, தேத்தண்ணிக்குப் பதில் வரவில்லையே. அந்த டிசம்பரில் பிறந்து 20 நாளான பிள்ளையையும் எரித்தார்கள். கொழும்பில் பொரளை கனத்தை மயான வேலியில் சனம் வெள்ளைத் துணி கட்டியது, அதில் சிங்களவரும் தமிழரும் இருந்தார்கள். 2021இல் அடக்க விட்டபோதும் முதலில் மட்டக்களப்புப் பக்கம் ஓட்டமாவடிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு தமிழ் டீச்சர் மட்டும் எல்லாருக்கும் முன்னால் "இது பிழை" என்றா. இரண்டு சொல்தான், நான் இன்னும் மறக்கவில்லை.

கடலோரம்:
அரசாங்கம் மட்டும்தான் பழிபோட ஆள் தேடும் என்றும் நினைக்க வேண்டாம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைத் துரத்தியது புலிகள், எங்களில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? பயம்தான், எனக்கும் பயம், ஆனால் பயந்தேன் என்று சொல்லாமல் "அதுக்குக் காரணம் இருந்தது" என்று இன்றைக்கும் கதை சொல்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கிளாக்கர் ஐயா, கதிரையில் இருந்து தப்பான கடிதத்துக்கும் முத்திரை குத்தினவர்கள் எல்லாரும் உங்கள் கதையைத்தான் சொன்னார்கள்.

உப்புவெளிக்காரன்:
தாத்தா சொன்னது சுட்டுவிட்டது. அந்த ஆள் போன வருசம் பென்சனில் போய்விட்டார். சனிக்கிழமை அவர் மகளின் கலியாணம், கார்ட் வந்திருக்கிறது. போகத்தான் வேணும்.